ஹாவ்: ஆறு கோடுகளில் ஒரு சீன எழுத்து

சீன மொழி படிக்க உட்கார்ந்த முதல் நாளிலேயே எதிர்ப்படும் எழுத்து ஹாவ். ‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்தின் பின்பாதி அதுதான். நல்லது, நலம், சரி, ஆச்சு, எவ்வளவு என்று வாக்கியத்தில் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் வேலை மாறும். மொத்தம் ஆறே கோடுகள்தான். ஆனாலும் புதிதாக எழுதுகிறவரின் ஹாவைப் பார்த்தவுடனே அது பழகாத கை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மூன்றாவது கோடுதான் காட்டிக்கொடுக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் எழுத்தைக் கண்ணால் பாருங்கள். கைபேசியின் விசைப்பலகை அமைப்பில் ‘சீனம், பின்யின்’ (சீன ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டும் முறை) சேர்த்துக்கொண்டு எச், ஏ, ஓ என்ற மூன்று ஆங்கில விசைகளைத் தட்டினால் மேலே வரிசையாக எழுத்துகள் வரும். வழக்கமாக முதலில் நிற்பது இதுதான். அதைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: திரையில் வருவது அச்சு எழுத்துரு. கோடுகளின் முனையில் முக்கோணக் குமிழ் இருந்தால் அது ‘சோங்’ வகை. அதைப் பார்த்துக் கையால் எழுதினால் விறைப்பாகவே வரும். எழுதிப் பழக ‘காய்ஷு’ என்ற கையெழுத்துப் பாணி எழுத்துருதான் சரி. பயிற்சி நோட்டுகளில் இருப்பதும் அதுவே.

எழுத்துக்கு இரண்டு பாகம். இடப்பக்கம் ‘பெண்’ என்ற எழுத்து, சீனத்தில் நூ. வலப்பக்கம் ‘பிள்ளை’ என்ற எழுத்து, ஸி. தாயும் பிள்ளையும் சேர்ந்தால் நல்லது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். நினைவில் வைக்க அது போதும். ஏறக்குறைய கி.பி. 100-ல் ஷு ஷென் தொகுத்த அகராதி ‘அழகு’ என்றே பொருள் சொல்கிறது. எழுத்து அதைவிடவும் பழையது. கி.மு. காலத்தில் ஆண்ட ஷாங் வம்ச அரசர் வூ திங்கின் மனைவி ஃபூ ஹாவின் பெயரில் அது இருக்கிறது. அவருடைய கல்லறை 1976-ல் ஆன்யாங்கில் கிடைத்தது.

கட்டம் போடுவது

சீனப் பள்ளிப் பிள்ளைகள் நடுவில் கூட்டல்குறி போட்ட சதுரக் கட்டத்தில் எழுதுவார்கள். அந்த நோட்டு கிடைக்காவிட்டால் கணக்குக் கட்ட நோட்டு போதும். பக்கத்துக்கு இரண்டு, உயரத்துக்கு இரண்டு என நான்கு சிறு கட்டங்களை ஒரே சதுரமாக எடுத்துக்கொள்ளுங்கள். நடுக் கோடுகள் தானாகவே அமைந்துவிடும். தொடக்கத்தில் பெரிய சதுரம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். அதைவிடச் சின்னதாக எழுதினால் தப்பு கண்ணில் படாது. பென்சில் நல்லது. பால்பாயின்ட் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும், கோட்டின் முடிவில் நிறுத்தப் பழக விடாது.

எழுத்து சதுரத்தை முட்டக் கூடாது. நான்கு பக்கமும் கொஞ்சம் வெள்ளை விடுங்கள். பெண் பாகம் பாதிக்குச் சற்றுக் குறைவான அகலம், பிள்ளை பாகம் மீதி.

ஆறு கோடுகள்

முதல் கோடு ‘பியே தியென்’. இடப் பாதியின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் இறங்கித் தொடங்குங்கள். இடப்பக்கம் சாய்த்துக் கீழே கொண்டுவாருங்கள். சதுரத்தின் நடு உயரத்தைத் தாண்டியதும் ஒரு நொடி நிறுத்தி, பேனாவை எடுக்காமல், வலப்பக்கம் கீழ்நோக்கித் திருப்பி முடியுங்கள். இது ஒரே கோடு. திருப்பத்தில் பேனாவை எடுத்துவிட்டால் இரண்டு கோடாகி, மொத்தம் ஏழாகிவிடும். கைபேசியில் கையால் எழுதித் தேடும்போது கருவி தடுமாறலாம். கையிலும் முழங்கை போன்ற அந்த மடிப்பு வராது.

இரண்டாவது ‘பியே’, இடச்சாய்வு. நடு நெடுங்கோட்டுக்கு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, நடு உயரத்துக்குச் சற்று மேலே தொடங்கி, இடப்பக்கக் கீழ் மூலைக்கு இழுங்கள். போகிற வழியில் முதல் கோட்டின் கீழ்க் காலை வெட்டிக்கொண்டு போகும். முடிவில் பேனாவை மெல்லத் தூக்கினால் நுனி கூர்மையாகும்.

மூன்றாவதுதான் வம்பு. இடமிருந்து வலம் போகும் கோடு. ‘பெண்’ தனி எழுத்தாக நிற்கும்போது இது நீளமான படுக்கைக் கோடு, இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஹாவில் அப்படியில்லை. இடது ஓரத்தில் தொடங்கி, வலப்பக்கம் மேல்நோக்கிக் கொஞ்சம் ஏற்றி, இரண்டாவது கோட்டின் தலையைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர்கூடப் போகக் கூடாது. தாண்டினால் பிள்ளைக்கு இடம் இருக்காது. அது வலப்பக்கம் ஒதுங்கி, இரண்டு தனி எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல் ஆகிவிடும்.

வரிசையையும் கவனியுங்கள். ‘படுக்கைக் கோடு முதலில்’ என்ற பொது விதியை மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் கோட்டை முதலில் போட்டுவிடுவார்கள். பெண் பாகத்தில் அது கடைசி. காரணம் எளிது: அது எங்கே நிற்க வேண்டும் என்பதை இரண்டாவது கோட்டின் தலைதான் சொல்கிறது. தலை இல்லாதபோது கோடு எங்கே நிற்கும்? சீன அரசின் மொழிக்குழு 1997-ல் 7000 எழுத்துகளுக்கு வெளியிட்ட கோட்டு வரிசைத் தரத்திலும் இதே வரிசைதான்.

நான்காவது, பிள்ளையின் தலை: ‘ஹெங் பியே’. நடு நெடுங்கோட்டுக்கு வலப்பக்கம், மேலே, சின்னப் படுக்கைக் கோடாகத் தொடங்கி, மூலையில் மடித்து, இடக் கீழ்ப்பக்கம் குட்டையாகச் சாய்த்து முடியுங்கள். இந்தச் சாய்வு நடு உயரத்தை எட்டக் கூடாது. அதற்கு மேலேயே நிற்க வேண்டும். நீட்டிவிட்டால் அடுத்த கோட்டுக்குத் தொடங்க இடம் கிடைக்காது.

ஐந்தாவது ‘வான் கோவ்’, வளைந்த கொக்கி. நான்காவது கோடு முடிந்த இடத்திலேயே தொடங்கி, லேசாக வலப்பக்கம் வயிறு தள்ளி, கீழே வந்து, இடப்பக்கம் மேலாக ஒரு சின்னக் கொக்கி. சோதிக்க ஒரு வழி: தொடங்கிய புள்ளியின் மேல் அளவுகோலை நேராக நிறுத்துங்கள். கொக்கி திரும்பும் இடமும் அதே நேர்கோட்டில் விழ வேண்டும். விழவில்லையென்றால் பிள்ளை விழப்போவதுபோல் சாய்ந்து நிற்கும். கொக்கியைப் பெரிதாகப் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். இரண்டு மில்லிமீட்டர் போதும்.

ஆறாவது படுக்கைக் கோடு. சதுரத்தின் நடுப் படுக்கைக் கோட்டின் மேலேயே வரையுங்கள். இடமுனை நடு நெடுங்கோட்டை ஒட்டி, பெண் பாகம் வலப்பக்கம் விட்டுவைத்த இடைவெளிக்குள் நுழைய வேண்டும். வலமுனை விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும். இந்த நுழைவுதான் இரண்டு பாகத்தையும் ஒரே எழுத்தாக்குகிறது. மூன்றாவது கோட்டை அடக்கி வைத்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

ஆறாவது கோட்டைச் சாய்த்து ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் பிள்ளை என்ற எழுத்து ‘ஜியே’ என்ற வேறொரு எழுத்தைப்போல் தெரியும். இதற்குள் ஒரு பொது விதி இருக்கிறது. இடப்பக்கம் நிற்கும் பாகம் தன் கடைசிப் படுக்கைக் கோட்டை ஏற்றி ஒடுங்கிக்கொள்ளும். வலப்பக்கம் நிற்பது தன் அகலத்தோடேயே நிற்கும். அதனால் ஹாவில் பெண்ணின் கோடு ஏறுகிறது, பிள்ளையின் கோடு படுத்தே இருக்கிறது. ‘குழந்தை’ என்ற சொல்லில் வரும் ஹாய் எழுத்தில் பிள்ளை இடப்பக்கம் போகிறது. அங்கே அதன் கோடும் ஏறிவிடும்.

பழகும் முறை

நூறு தடவை எழுதுவது வீண். பத்தாவது முறைக்குப் பிறகு கை மட்டும் ஓடும், மனம் இருக்காது, தப்பும் ஊறிப்போகும். பதிலாக இப்படிச் செய்யுங்கள். பெண் பாகத்தை மட்டும் ஐந்து முறை, பிள்ளையை ஐந்து முறை. பிறகு மாதிரியைப் பார்த்து முழு எழுத்து மூன்று முறை. மாதிரியை மூடிவிட்டு மூன்று முறை. திறந்து ஒப்பிட்டு, எந்தக் கோடு தவறு என்று வட்டமிடுங்கள். அந்த ஒரு கோட்டுக்காக மட்டும் இன்னும் மூன்று முறை. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மாதிரியைப் பார்க்காமல் ஒவ்வொரு முறை எழுதிப்பார்த்தால் போதும்.

இரண்டு பாகமும் கைக்கு வந்துவிட்டால் வேறு பல எழுத்துகளுக்கும் வழி திறக்கும். அம்மா, அவள், அக்கா, தங்கை எல்லாவற்றிலும் இடப்பக்கம் இதே பெண். ‘எழுத்து’ என்ற எழுத்திலும் ‘படிப்பு’ என்ற எழுத்திலும் அடியில் இதே பிள்ளை. அகராதியில் ஹாவைத் தேட வேண்டுமானால் பெண் என்ற தலைப்பின் கீழ், மீதி மூன்று கோடுகள் என்ற வரிசையில் பாருங்கள்.

வேகமாக எழுதும் சீனர் இரண்டாவது, மூன்றாவது கோடுகளையும், நான்காவது, ஐந்தாவது கோடுகளையும் தூக்காமல் சேர்த்துவிடுவார். கடைப் பலகையில் அப்படிப் பார்த்தால் குழம்ப வேண்டாம். ஆனால் நேர் எழுத்து நிலைக்கும் முன் அதைக் காப்பியடித்தால் கிறுக்கலாகத்தான் முடியும்.

தொனி

இனி சொற்களுக்குப் பின்னால் வரும் எண் தொனியைக் குறிக்கும். 1 உயரத்தில் சமமாக நிற்கும், 2 ஏறும், 3 தாழ்ந்து இருக்கும், 4 வெட்டி இறங்கும். எண் இல்லாதது இலேசான ஒலி. தமிழ் எழுத்து இந்த ஒலிகளுக்குத் தோராயமான வழிகாட்டிதான்; காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஹாவ்3 தனியாக நின்றால் குரல் கீழே போய்க் கடைசியில் கொஞ்சம் ஏறும். வாக்கியத்துக்குள் அந்த ஏற்றம் பெரும்பாலும் வராது. தாழ்ந்தே இருந்து அடுத்த சொல்லுக்குப் போய்விடும். புத்தகத்தில் உள்ள வளைவை ஒவ்வொரு முறையும் முழுதாக இழுத்தால் ராகம் போட்டுப் பேசுவதுபோல் கேட்கும்.

இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாகும். நீ3 ஹாவ்3 என்று எழுதினாலும் வாயில் வருவது நீ2 ஹாவ்3. ஹென்3 ஹாவ்3 (ரொம்ப நல்லது) என்பதும் அப்படியே ஹென்2 ஹாவ்3. எழுத்து மாறாது, ஒலி மட்டும் மாறும்.

வாக்கியத்தில் எங்கே வைப்பது

‘நான் நலம்’ என்பதற்கு வோ3 ஹென்3 ஹாவ்3. நடுவில் ‘இருக்கிறேன்’ போன்ற எதுவும் வேண்டாம். தமிழில் ‘நான் நலம்’ என்று வினையில்லாமல் நிற்பதுபோல்தான். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் ஆங்கில ‘இஸ்’ போன்ற ‘ஷி4’ என்ற சொல்லை நடுவில் நுழைத்துவிடுகிறார்கள், அது தவறு. ஆனால் ‘ஹென்’ வேண்டும். அது இல்லாமல் வோ3 ஹாவ்3 என்றால் ‘நான் நல்லா இருக்கேன், அவன்தான்...’ என்று ஒப்பிட்டு இழுப்பதுபோல் ஒலிக்கும். இங்கே ‘ஹென்’னுக்கு ‘ரொம்ப’ என்ற கனம் கிடையாது, வாக்கியத்தை நிறுத்தி வைக்கும் முட்டு அது. கேள்வியிலும் மறுப்பிலும் அது தேவையில்லை: ஹாவ்3 மா? (நல்லதா? சரியா?), பூ4 ஹாவ்3 (நல்லதில்லை).

பெயருக்கு முன்னால் நேராக ஒட்டும்: ஹாவ்3 ரென்2, நல்ல மனிதர், ஹாவ்3 பெங்2யோ, நல்ல நண்பர். ‘ஹென்’ சேர்ந்துவிட்டால் நடுவில் ‘த’ என்ற இணைப்பும் வர வேண்டும்: ஹென்3 ஹாவ்3 த பெங்2யோ.

வினையின் முன்னால் வைத்தால் வேறு வேலை. ஹாவ்3 ச்சி1 என்றால் சாப்பிட நல்லது, அதாவது ருசி. ஹாவ்3 ஹ1, குடிக்க ருசி. ஹாவ்3 கான்4, பார்க்க அழகு. ஹாவ்3 திங்1, கேட்க இனிமை. கண், காது, நாக்கு வினைகளோடு சேர்ந்தால் இந்தப் பொருள். எழுது, தேடு, கற்றுக்கொள் போன்றவற்றோடு சேர்ந்தால் ‘சுலபம்’ என்றாகும்: ஹாவ்3 ஷியே3, எழுதச் சுலபம், ஹாவ்3 ஜாவ்3, கண்டுபிடிக்கச் சுலபம். சோறும் சாதமும் ஹாவ் ச்சி, ஜூஸும் டீயும் ஹாவ் ஹ; மாற்றிச் சொன்னால் புரியும், ஆனால் சிரிப்பார்கள்.

வினையின் பின்னால் வைக்கும்போதுதான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். எழுது என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்வோம். ஷியே3 ஹாவ்3 ல என்றால் எழுதியாச்சு, கொடுக்கிற நிலையில் தயாராக இருக்கிறது. ஷியே3 வான்2 ல என்றால் எழுதி முடிந்தது, அவ்வளவுதான். சரியாக வந்ததா என்பது அதில் இல்லை. ஷியே3 த ஹென்3 ஹாவ்3 என்றால் நன்றாக எழுதுகிறார் அல்லது எழுதியிருக்கிறார்; இங்கே தரம்தான் பேச்சு. ஷியே3 பு ஹாவ்3 என்றால் எவ்வளவு முயன்றாலும் நன்றாக எழுத வராது. மெய்2 ஷியே3 ஹாவ்3 என்றால் சரியாக எழுதவில்லை, அல்லது இன்னும் தயாராகவில்லை. கடந்ததை மறுக்க ‘மெய்’தான், ‘பூ’ அல்ல. பூ4 ஷியே3 ஹாவ்3 ல என்று ஒரு வாக்கியம் கிடையாது.

அதே இடத்தில் இன்னும் சில: சுன்3பெய்4 ஹாவ்3 ல, தயார் ஆகியாச்சு. ஷுவோ1 ஹாவ்3 ல, பேசி முடிவு செய்தாச்சு. ட்ஸுவோ4 ஹாவ்3, ஒழுங்காக உட்கார். வகுப்பில் டீச்சர் சொல்வது. நோய் ஹாவ்3 ல என்றால் குணமாகிவிட்டது.

பண்புச் சொல்லின் முன்னால் வந்தால் வியப்பு: ஹாவ்3 லெங்3, என்ன குளிர்! ஹாவ்3 தா4, எவ்வளவு பெரிசு! அளவின் முன்னால் ‘நிறைய’: ஹாவ்3 ஜி3 க, பல, ஹாவ்3 ஜியூ3 பூ2 ஜியென்4, பார்த்து ரொம்ப நாளாச்சு. ஒரு விசித்திரமும் உண்டு. ஹாவ்3 ரொங்2யி4 என்பதும், நடுவில் ‘இல்லை’ சேர்த்த ஹாவ்3 பூ4 ரொங்2யி4 என்பதும், ஒரு வேலை எப்படியோ முடிந்ததைச் சொல்லும் இடத்தில் ‘படாத பாடுபட்டு’ என்ற ஒரே பொருளைத் தரும். தர்க்கம் தேடாதீர்கள், அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவருக்குச் சொல்லும் பதிலாக வரும்போது பின்னால் ஒட்டும் வாலைப் பாருங்கள். ஹாவ்3 த, சரிங்க என்ற மரியாதை. அலுவலகச் செய்திக்கு இது பாதுகாப்பு. வெறும் ஹாவ்3 என்று தட்டினால் சிலருக்கு வெடுக்கென்று தெரியும். ஹாவ்3 ஆ, ஓ தாராளமா! ஹாவ்3 பா, சரி போ, உன் இஷ்டம் என்ற அரைமனம். உற்சாகமான அழைப்புக்கு ‘ஹாவ் பா’ என்று பதில் போட்டு, எதிராளி ஏன் சுணங்கினார் என்று யோசிக்கிறவர்கள் உண்டு. ஹாவ்3 ல, ஹாவ்3 ல என்று இருமுறை வந்தால் போதும் போதும் என்று அடக்குவது.

வணக்கம் சொல்ல நீ3 ஹாவ்3 போதும். பெரியவருக்கு நின்2 ஹாவ்3. கூட்டத்துக்கு நீ3மென் ஹாவ்3. ஆசிரியரைப் பார்த்தால் லாவ்3ஷி1 ஹாவ்3 என்று பதவியோடு சேர்த்துச் சொல்வதே வழக்கம். தினமும் பார்க்கும் நண்பரிடம் நீ ஹாவ் சொன்னால் விலகி நிற்பதுபோல் இருக்கும்.

நான்காம் தொனியில் இன்னொரு ஹாவ்

இதே எழுத்தை ஹாவ்4 என்று படித்தால் ‘விரும்பு, நாட்டம்’. ஆய்4ஹாவ்4 என்றால் பொழுதுபோக்கு. ஹாவ்4சீ2, ஆர்வம். ஹாவ்4க4, விருந்தோம்பல் உள்ளவர். எழுத்தில் வேறுபாடு இல்லாததால் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஹாவ்3 ஷ்யுவே2 என்றால் கற்கச் சுலபமானது, ஹாவ்4 ஷ்யுவே2 என்றால் படிப்பில் ஆர்வமுள்ளவர். ஒரு மொழியைப் பற்றிய வாக்கியமானால் முன்னது, ஒரு மாணவரைப் பற்றியதானால் பின்னது. ஹாவ்3 ச்சி1 ருசி. ஹாவ்4 ச்சி1 தின்பதில் மோகம், அதில் பாராட்டு இல்லை.

இந்த எழுத்தின் வடிவம் மரபு முறையிலும் எளிமையாக்கிய முறையிலும் ஒன்றே. தாய்வானிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் அதே ஆறு கோடுதான். ஒலி மாறும். கான்டனீஸ் பேசுகிறவர் ஏறக்குறைய ‘ஹோ’ என்பார். அங்கே ‘ரொம்ப’ என்ற வேலையையும் இதுவே செய்யும். மலேசியச் சாப்பாட்டுக் கடைகளில் தமிழர் காதிலும் விழும் ‘ஹோ சியாக்’, ஹொக்கியன் மொழியின் ‘ருசி’. அதன் முதல் பாதி இதே எழுத்து. ஜப்பானில் நான்காம் வகுப்பில் கற்றுக்கொடுக்கிறார்கள். ‘சுகி’ என்று படித்தால் ‘பிடிக்கும்’. ஜப்பானிய மெனுவில் இந்த எழுத்தைப் பார்த்தவுடன் ‘நல்லது’ என்று படித்துவிடாதீர்கள். ‘ஒகோனொமியாகி’ என்ற கோஸ் அடையின் பெயரில் இது வந்தால், விருப்பப்பட்டதைப் போட்டுச் சுடுவது என்றுதான் அர்த்தம்.